பால் நின்ற பிறகு

ரப்பர் மரத்தின் ஆயுள் கணக்கு எளிது. நட்டு ஆறேழு ஆண்டில் வெட்டுக்கு வரும். இருபத்தைந்து, முப்பது வயதுவரை பால் கொடுக்கும். பிறகு பட்டையில் வெட்ட இடம் இருக்காது, பாலும் குறைந்துவிடும். மரத்தைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். மலேசியாவின் ஜொகூர் மாநிலத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறையாகக் கண்ட சுழற்சி இது. சாய்த்த மரமெல்லாம் எங்கே போயிற்று என்று அந்த நாளில் யாரையாவது கேட்டிருந்தால், அடுப்பைக் காட்டியிருப்பார்கள்.

தொழிலாளர் குடியிருப்பான லயத்து அடுப்பில் எரிந்தது ரப்பர் விறகு. ஸ்டோர் எனப்பட்ட தோட்டத்து ஆலையில் பாலை உறையவைத்து, உருட்டி எடுத்த தகடுகளை நாள்கணக்கில் புகையில் காயவைத்த கொட்டகைகளிலும் அதே விறகுதான். செங்கல் சூளைகளுக்கு லோரி லோரியாகப் போனது. 1967இல் பினாங்கு மாநிலத்தின் பிறையில் உற்பத்தி தொடங்கிய மலாயாவாத்தா இரும்பாலை, தன் ஊதுலைக்கு ரப்பர் மரக்கரியை நம்பியிருந்தது. இத்தனைக்கும் மிஞ்சியதை நிலத்திலேயே குவித்துக் கொளுத்தினார்கள். வெட்டுக்கூலி மிச்சம் என்று, அடிமரத்தில் நஞ்சு பூசி நின்ற நிலையிலேயே சாகவிட்ட தோட்டங்களும் உண்டு. பாலுக்கு லண்டன் வரை விலை பேசினார்கள். மரத்துக்கு யாரும் விலை கேட்கவில்லை.

இன்று அந்த மரம் மூவாரில் சாப்பாட்டு மேசையாகவும் கட்டிலாகவும் உருமாறிக் கொள்கலனில் ஏறுகிறது. மலேசியா ஏற்றுமதி செய்யும் மரச்சாமான்களில் மிகப் பெரும் பகுதி ரப்பர் மரத்தால் ஆனது. அந்த ஏற்றுமதியில் முதல் மாநிலம் ஜொகூர்; ஜொகூரில் முதலிடம் மூவார் வட்டாரத்துக்கு. விறகு மேசையானதற்கு இரண்டு கைவேலைகள் காரணம். ஒன்று, சிறு துண்டுகளை ஒட்டிச் சேர்ப்பது. மற்றது, சேர்த்த பலகைக்கு நிறம் ஏற்றுவது. முதல் வேலை மரத்தின் குறையைத் தீர்த்தது. இரண்டாவது வேலை சந்தையைக் கொடுத்துவிட்டு, அது எந்த மரம் என்பதை வாங்குகிறவர் கண்ணிலிருந்து மறைத்தும்விட்டது. முதலாவதை நான் முழு மனதோடு பாராட்டுகிறேன். இரண்டாவதைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு.

மரத்தை ஒதுக்கிவைத்த அந்தக் காலத்துத் தச்சர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். தேக்கைப் போலவோ செங்காலைப் போலவோ ரப்பர் மரத்தில் வைரம் பாய்வதில்லை. அடிமுதல் நுனிவரை ஒரே வெளிர்நிறம். மரத்துக்குள் மாவுச்சத்தும் சர்க்கரையும் மண்டிக் கிடக்கும். வெட்டிப்போட்ட ஓரிரு நாளில் பூஞ்சை ஏறி, வெட்டுமுகம் நீலமும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாகிவிடும். அடுத்து வண்டு வரும். சில மாதம் சும்மா கிடந்தால் உளுத்து மாவாகக் கொட்டும். இவற்றுக்குத் தப்பிய பலகையும் காயும்போது முறுக்கிக்கொள்ளும். வளரும்போதே ஒரு பக்கம் இழுபட்டுப் பழகிய நார்கள், ஈரம் போனதும் தம் போக்கில் சுருங்குவதே அதற்குக் காரணம். நேரான அடிமரமும் குட்டை. ஆறடி நீளத்தில் குறையில்லாத பலகை கிடைப்பதே அரிது. காட்டில் செங்கால், மெராந்தி, மெர்பாவ் எல்லாம் வானளாவ நின்ற காலத்தில், இந்த மரத்தோடு மல்லுக்கட்ட எந்தத் தச்சருக்கும் அவசியம் இருக்கவில்லை.

அடிமரம் என்றதும் பால் வெட்டியவரின் கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மரச்சாமான் தொழிலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கோடாரியால் கொத்தாமல், பட்டையை மெல்லிசாகச் சீவியே நாள்தோறும் பால் எடுக்கலாம் என்று காட்டினார். ஒவ்வொரு வெட்டிலும் போவது ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை. பால்குழாய்கள் நெருங்கியிருப்பது பட்டையின் உட்புறத்தில். ஆகவே ஆழமாகவும் போக வேண்டும், மரத்தின் மேல் படாமலும் நிற்க வேண்டும். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவிலுள்ள வளர்திசுவுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் உளி நின்றுவிட வேண்டும். விடியுமுன், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், கொசுக்கடியில், நூற்றுக்கணக்கான மரங்களில் இதைச் செய்தார்கள் நம் பெண்களும் ஆண்களும். உளி தவறி மரத்தில் காயம் பட்டால் மேற்பார்வை பார்க்கும் மண்டோரின் ஏச்சு நிச்சயம். காயத்தின் மேல் பட்டை சீராக வளராது. முண்டும் முடிச்சுமாகத்தான் மூடும், அடுத்த சுற்றில் அங்கே வெட்ட முடியாது. அன்று அந்தக் கவனம் பாலுக்காக. ஆனால் காயம் படாத மரத்தின் உள்ளே நார் நேராக ஓடியது. இன்று அறுப்பு ஆலையில் வாள் இறங்கும்போது ஒரு உருளை சுத்தமான பலகையாகப் பிரிவதும், இன்னொன்று முண்டும் கறையுமாகக் கழிவுக்குப் போவதும், இருபது ஆண்டுக்கு முன் யாரோ ஒருவர் உளி பிடித்த விதத்தில் பாதி தீர்மானமாகிவிட்டது. மேசையின் மேல்பலகை வழவழப்பாக இருக்கிறதே, அதில் அந்தக் கையும் இருக்கிறது.

ஜொகூருக்கு அந்தக் கைகள் வந்த கதை தெரிந்ததுதான். மலாக்காவில் டான் சே யான் 1896இல் முதல் வணிகத் தோட்டத்தைத் தொடங்கினார். மூவார் ஆற்றங்கரையில் பஞ்சோர் பக்கம் லானட்ரோன் தோட்டம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெயர் எடுத்தது. 1909இல் ஜொகூர் ரயில் பாதை முடிந்ததும் சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் என்று பாதை நெடுகிலும் நிரை நிரையாகப் பால்மரம் நின்றது. திருச்சி, சேலம், தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கங்காணிகள் ஆள் கூட்டி வந்தார்கள். 1938இல் இந்திய அரசு அந்தக் குடியேற்றத்தைத் தடுக்கும்வரை கப்பல்கள் வந்தபடி இருந்தன.

மரத்தின் விதி திரும்பியது கெப்போங்கில். 1929இல் அங்கே அமைந்த வன ஆய்வு நிலையம், 1985 முதல் மலேசிய வன ஆய்வுக் கழகம், ரப்பர் மரத்தின் நோய்களுக்கு ஒவ்வொன்றாக மருந்து தேடியது. தீர்வு கேட்பதற்கு எளிதாக இருக்கும். வெட்டிய மரம் நாள் கடத்தாமல் ஆலைக்கு வர வேண்டும். அறுத்த பலகையை அன்றே மூடிய இரும்பு உருளைக்குள் அடுக்கி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, வெங்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரை அழுத்தத்தோடு செலுத்த வேண்டும். மருந்து பலகையின் நடுவரை இறங்கிவிடும். பிறகு சூடான உலர்த்தறையில் ஒரு வாரம், பத்து நாள் வைத்து ஈரத்தைப் பத்து சதவீத அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டால் வெடிக்கும், மெத்தனமாக இருந்தால் பூஞ்சை பிடிக்கும். அந்த அறையைச் சூடாக்கும் கொதிகலனில் எரிவது ரப்பர் மரக் கழிவேதான். அறுக்க வரும் மர உருளையில் பாதிக்கும் மேல் தூளும் சீவலும் புறப்பலகையுமாகப் போய்விடும். அதில் ஒரு பகுதி துகள்பலகை ஆலைக்கு, மீதி நெருப்புக்கு.

1980களில் இந்த முறை ஆலை ஆலையாகப் பரவியது. மூவாரில் சீனத் தச்சுக் குடும்பங்களின் பட்டறைகள் ஏற்கெனவே இருந்தன. தோட்டங்கள் பக்கத்தில், பாசீர் கூடாங், சிங்கப்பூர்த் துறைமுகங்கள் எட்டும் தூரத்தில். பட்டறைகள் ஆலைகளாயின, சில பங்குச் சந்தைக்கே போயின.

மருந்து போட்டுக் காயவைத்த பலகையும் குட்டைதான், குறுகல்தான். இங்கேதான் ஒட்டும் கலை நுழைகிறது. முடிச்சு, நீலக்கறை, முண்டு இருக்கும் இடங்களையெல்லாம் முதலில் வெட்டி எறிந்துவிடுகிறார்கள். மிஞ்சுவது சாண் நீளமும் முழ நீளமுமான துண்டுகள். ஒவ்வொன்றின் இரு முனையிலும் சீப்புப் பற்களைப் போல வெட்டி, பசை தடவி, ஒன்றின் பல் மற்றதன் இடுக்கில் நுழைய அழுத்தினால் நீளச் சட்டம் கிடைக்கிறது. நேர்முனைகளை வெறுமனே ஒட்டினால் பிடிக்காது. நாரின் வாய் பசையைக் குடித்துவிடும். பற்களாக வெட்டும்போது நாரின் பக்கவாட்டுப் பரப்பு கிடைக்கிறது, அங்கே பசை நன்றாகப் பற்றும். அப்படிப் பெற்ற சட்டங்களை, இரண்டு மூன்று அங்குல அகலத்தில், பக்கம் பக்கமாக ஒட்டினால் அகலப் பலகை. அடுக்கும்போது ஒரு சட்டத்தின் ஆண்டு வளையம் மேல்நோக்கி வளைந்திருந்தால் அடுத்ததைக் கவிழ்த்து வைப்பார்கள். ஒன்று மேலே வளையப் பார்க்கும், மற்றது கீழே. இரண்டும் ஒன்றையொன்று பிடித்து வைத்துக்கொள்ளும். முறுக்கிக்கொள்ளும் குணத்தை வைத்தே முறுக்காத பலகை செய்துவிடுகிறார்கள். நன்றாக ஒட்டிய பலகையை உடைத்துப் பார்த்தால் பசைக்கோடு விடாது, பக்கத்து மரம்தான் பிய்யும்.

இந்த அறிவு ஆலைகளுக்கு முந்தையது. வில் செய்தவர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். வில்லை வளைக்கும்போது இலக்கைப் பார்த்திருக்கும் வெளிமுகம் இழுபடும், எய்பவரைப் பார்த்திருக்கும் உள்முகம் நெருக்குப்படும். இரண்டு வேலைக்கும் ஒரே மரம் பொருந்துவது அபூர்வம். இங்கிலாந்தின் நெடுவில்லுக்கு ‘யூ’ மரம் வாய்த்தது. அதன் வெளிர்நிறப் புறமரம் இழுவையைத் தாங்கும், செந்நிற வைரம் நெருக்கத்தைத் தாங்கும். ஒரே கட்டையில் இயற்கை ஒட்டிக்கொடுத்த இரண்டு மரம். 1545இல் மூழ்கி, 1982இல் கடலடியிலிருந்து எடுக்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ போர்க்கப்பலில் அப்படிப்பட்ட 130க்கு மேற்பட்ட வில்கள் கிடைத்தன. அத்தகைய மரம் கிடைக்காத இடத்தில் மனிதர் தாமே ஒட்டிக்கொண்டார்கள். ஜப்பானியரின் ‘யூமி’ ஆளுயரத்தை மிஞ்சிய வில். முன்னும் பின்னும் மூங்கில் பட்டை, நடுவில் மூங்கிலும் மரமும் பக்கம் பக்கமாக நிற்கும் கீற்றுகள். பசை தடவிய கீற்றுகளைக் கயிற்றால் இறுகச் சுற்றி, கயிற்றிடையே ஆப்புகளை அடித்து அடித்து வளைவு கொடுப்பார்கள். இன்று கையால் நெடுவில் கட்டும் கலைஞர்கள் வெளிர்மரமும் கருமரமும் மாற்றி மாற்றி ஒட்டி, வலுவோடு கண்ணுக்கும் விருந்து வைக்கிறார்கள். அவர்கள் ஒட்டுக்கோட்டை மறைப்பதில்லை. எந்த மரம் எங்கே நிற்கிறது என்பது தெரிவதில்தான் அவர்களுக்குப் பெருமை. கறுப்பு வேண்டுமானால் காடியில் இரும்பாணியை ஊறவைத்த நீரைப் பூசுவார்கள். மரத்தின் துவர்ப்போடு அது சேர்ந்து மரமே கறுக்கும். சிக்கல்நாயக்கன்பேட்டைக் கலம்காரித் துணியில் கடுக்காய் ஊட்டிய நூலும் இரும்புக் கரைசலும் சேர்ந்து கறுப்பு பிறப்பதும் இதே வழியில்தான்.

ஜொகூருக்கும் அந்தத் துவர்ப்புக்கும் பழைய உறவு உண்டு. ரப்பருக்கு முன் இந்த மாநிலத்தின் செல்வம் கேம்பியர். வெற்றிலையோடு போடும் காசுக்கட்டியைப் போன்ற அந்தத் துவர்ச்சாற்றுக்கு, தோல் பதனிடுவோரும் சாயம் தோய்ப்போரும் உலகெங்கும் வாடிக்கையாளர்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜொகூர் ஆறுகளின் கரைகளில் காங்சூ எனப்பட்ட சீனத் தலைவர்களின் கீழ், மிளகோடு சேர்த்து அதைப் பயிரிட்டார்கள். இலையை வேகவைக்கக் காட்டை வெட்டினார்கள். மண் சோர்ந்ததும் அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். 1917இல் காங்சூ முறை ஒழிந்தபோது அந்த நிலங்களில் ரப்பர் நின்றுகொண்டிருந்தது. ஒரு நிறத்துக்காகக் காட்டை எரித்த அதே மண்ணில், இன்று தோட்டத்து மரத்தை அறுப்பதால் காட்டு மெராந்தி தப்புகிறது. ரப்பர் மரச்சாமானை நான் மதிப்பதற்கு இதுவே முதல் காரணம்.

ரப்பர் மரத்தில் அந்தத் துவர்ப்பு குறைவு. ஆகவே இரும்புநீர் தனியாக அதைக் கறுக்கச் செய்யாது; நிறத்தை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். மூவார் ஆலையில் அதற்கென்று ஒரு நீண்ட வரிசையே உண்டு. இழைத்து, உப்புத்தாள் போட்ட பலகைக்கு முதலில் மெல்லிய சாயம் தெளிக்கிறார்கள். ஒரே மேசையில் பத்து மரத்தின் துண்டுகள் இருக்கும். ஒன்று பால்வெள்ளை, ஒன்று மஞ்சள், ஒன்றில் இளஞ்சிவப்பு ஓடும். அந்த வேறுபாட்டைச் சமன்செய்யவே இந்த முதல் பூச்சு. அடுத்து, நுண்துளைகளில் தங்கும் நிறத்தூள் கலவையைத் தெளித்துத் துணியால் துடைத்து எடுக்கிறார்கள். துடைக்கும் கையின் அழுத்தம் ஒரே சீராக இருந்தால்தான் நிறம் ஒரே சீராக வரும். இயந்திரம் இங்கே அவ்வளவாக உதவாது. மேலே அடைப்புப் பூச்சு, மறுபடி உப்புத்தாள், மறுபடி சாயம், கடைசியில் லாக்கர். வாங்குநர் அனுப்பிய மாதிரித் துண்டோடு வைத்துப் பார்ப்பார்கள். செர்ரி கேட்டால் செர்ரி, வால்நட் கேட்டால் வால்நட், ஓக் கேட்டால் ஓக். வெளிர்மரமும் சீரான நாரும் எந்த வேடத்தையும் ஏற்கும். மூவார்ச் சாமான்களுக்கு மிகப் பெரிய சந்தையான அமெரிக்காவில், ஒரு குடும்பம் வால்நட் என்று எண்ணி உட்காரும் நாற்காலி, சிகாமட்டிலோ லாபிஸிலோ பால் கொடுத்த மரமாக இருக்கலாம். வணிகர்கள் இதற்கு ‘மலேசிய ஓக்’ என்று பெயர் வைத்தும் விற்றார்கள். ஓக்கோடு இந்த மரத்துக்கு எந்த உறவும் இல்லை.

சாயம் பூசுகிறவரின் திறமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வெறும் நிறத்தில், எண்ணெயோ தெளிந்த லாக்கரோ மட்டும் பூசிய ரப்பர் பலகையைப் பார்த்தவருக்கு அதன் அழகு தெரியும். தேன் கலந்த பாலின் நிறம். நார்களுக்கிடையே ஊசிக்கீறலைப் போன்ற நுண்துளைக் கோடுகள். ஒவ்வொரு சட்டமும் தன் சாயலோடு நிற்க, பல் பதிந்த ஒட்டுகள் வரிவரியாகத் தெரியும். சாயம் பூசிய மேசையிலும் அடிப்பக்கத்தைப் பார்த்தால் பல ஆலைகள் அங்கே அவ்வளவு அக்கறையாகப் பூசியிருக்க மாட்டா. மரம் தன் நிறத்தைக் காட்டிவிடும். இப்போது வெளிர்மரத்துக்கு வீடுகளில் விருப்பம் கூடியிருக்கிறது. வேடமில்லாமல் விற்க இதைவிட நல்ல காலம் வராது.

மரத்துக்கு விலை வந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது வேலையிழந்த தமிழரைக் காக்க, தொழிலாளரிடம் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகத் திரட்டி, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். சில தோட்டங்கள் அப்படித் தப்பின. மற்றவற்றில் செம்பனை வந்தது, பிறகு வீட்டுமனை வந்தது. விறகாக எரிந்த மரம் ஆலைக்குப் போகத் தொடங்கிய அதே ஆண்டுகளில், லயங்கள் காலியாகி, மாசாய், கூலாய், ஸ்கூடாய் அடுக்குமாடிகளுக்கு நம் மக்கள் போய்க்கொண்டிருந்தார்கள். விடியுமுன் எழும் வழக்கம் மட்டும் மாறவில்லை. மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறார்கள். மரம் விற்ற கணக்கில், கூலிக்கு வெட்டியவருக்கு ஒரு வரி இல்லை. இன்று மூவார் ஆலைகளில் உப்புத்தாள் பிடிப்பதும் சாயம் துடைப்பதும் பெரும்பாலும் நேபாளம், வங்கதேசம், மியன்மாரிலிருந்து வந்த இளைஞர்கள். நம் பாட்டன் பாட்டி இறங்கிய அதே நிலையில் இறங்கியவர்கள். அவர்கள் பெயரும் பெட்டியின் மேல் இருக்காது.

தமிழ்நாட்டில், கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னும் பால் வெட்டுகிறார்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு வேலை கொடுத்த அரசு ரப்பர் கழகம் 1984இல் அங்கே அமைந்தது. குலசேகரம் பக்கத்து மரம் ஆலைக்குப் போகும்போது அதை வெட்டியவர் அதே ஊரில் இருக்கிறார். ஜொகூரில் தவறிய பங்கை அங்கே கேட்க இன்னும் நேரம் இருக்கிறது.

இப்போது மூவாரின் கவலை வேறு. மரம் கிடைக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் மலேசியாவில் ஏறக்குறைய 20 லட்சம் ஹெக்டேரில் நின்ற ரப்பர், இன்று ஏறக்குறைய 11 லட்சமாகச் சுருங்கிவிட்டது. அதிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிறு உடைமையாளர் கையில். அவர்கள் எப்போது மரம் சாய்ப்பார்கள் என்பதை ரப்பர் விலையும் செம்பனை விலையும் முடிவு செய்கின்றன. உள்ளூர் ஆலைகள் கூக்குரல் எழுப்பியதால், 2017 ஜூலை 1 முதல் அறுத்த ரப்பர் பலகையை வெளிநாட்டுக்கு அனுப்ப அரசு தடை போட்டது. ஒரு காலத்தில் நஞ்சு வைத்துக் கொன்ற மரத்துக்கு எல்லையில் காவல்.

மலேசிய ரப்பர் ஆய்வு நிலையம் பால், மரம் இரண்டும் தரும் வகைகளை, ஆர்.ஆர்.ஐ.எம். 2000 வரிசை என்று, உருவாக்கிக் கொடுத்திருக்கிறது. வேகமாகப் பருத்து, நேராக ஓங்கி வளரும் மரங்கள். மரத்துக்காகவே ரப்பர் நடும் திட்டங்களும் வந்துள்ளன. ஆனால் உளி பிடிக்க ஆள் கிடைக்காமல், பல சிறு தோட்டங்களில் வெட்டுக்கு வந்த மரமே பால் ஏந்தும் மங்கு கட்டாமல் நிற்கிறது. பட்டை முழுசாக, அடிமரம் உருண்டையாக, ஆலைக்காரர் ஆசைப்படும்படி நிற்கும் மரங்கள் அவை. ஆனால் பால் வருமானம் இல்லாத உடைமையாளர் முப்பது ஆண்டு காத்திருக்க மாட்டார், செம்பனைக்கு மாறிவிடுவார். பால் வெட்டு நின்றால் பலகையும் நிற்கும். அந்த உளிக்கு நாளைக்கு ஒரு மரியாதையான கூலியை யார் கொடுப்பது என்பதை மூவார் ஆலை முதலாளிகள்தான் முதலில் யோசிக்க வேண்டும். பெட்டியின் மேல் ரப்பர் மரம் என்று பெரிய எழுத்தில் அச்சிடுவதையும் அவர்கள்தான் தொடங்கிவைக்க முடியும்.